காரணம் சொல்லாத கதைகள்: ஜப்பானின் குறுந்திகில் மங்காவும் அதன் வாசகர்களும்

நிலநடுக்கத்தில் ஒரு மலை பிளக்கிறது. வெளியே தெரியவந்த பாறைமுகம் முழுக்க மனித உருவத்தில் ஓட்டைகள். தலை, தோள், கை, கால் என்று ஒவ்வொன்றும் யாரோ ஒரு குறிப்பிட்ட ஆளை அச்செடுத்த மாதிரி இருக்கிறது. யார் வெட்டினார்கள், எந்தக் காலத்தில் வெட்டினார்கள், எவ்வளவு ஆழம் போகிறது, எதுவும் தெரியாது. தொலைக்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் மலையேறி வந்து கூடுகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போலத்தான் தெரிகிறது. ஆனால் சிலர் தேடுவது தங்கள் உடம்புக்குப் பொருந்தும் ஓட்டையை. கண்டுபிடித்ததும் உடையைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறார்கள். திரும்புவதில்லை.

ஜப்பானியத் திகில் படக்கதைக் கலைஞர் ஜுன்ஜி இட்டோ வரைந்த 'அமிகாரா பிளவின் புதிர்' என்ற இந்தக் கதை ஏறக்குறைய 30 பக்கம்தான். 2001, 2002 ஆண்டுகளில் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' இதழில் 'க்யோ' என்ற நீண்ட தொடரை அவர் வரைந்தார். அது நூலானபோது இரண்டாம் தொகுதியின் கடைசியில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட கதை இது. கால் முளைத்த மீன்கள் கரையேறி நாட்டையே நாறடிக்கும் அந்தப் பெரிய கதையைவிட, பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த இந்தச் சின்னக் கதைதான் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஜப்பானியப் படக்கதையான மங்காவே படிக்காதவர்கள்கூட அதன் ஒரு கட்டத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்க வாய்ப்புண்டு. இது என்னுடைய ஓட்டை, எனக்காகவே செய்தது என்று ஒருவன் பரவசத்தோடு சொல்லும் கட்டம் அது. இருபது வருஷமாக அது மீமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு கதை வாசகரை இந்த அளவுக்குத் தொந்தரவு செய்யும்போது, பேய், ரத்தம், கோரம் என்று காரணம் தேடுவது வழக்கம். இந்தக் கதையில் பேய் இல்லை. ரத்தம் ஒரு துளி இல்லை. துரத்துகிறவன் யாரும் இல்லை. ஆட்கள் தாங்களாகப் போகிறார்கள், அதுவும் ஆசையோடு. என் கருத்தில் இந்த வகை மங்காவின் மையம் இதுதான்: மனிதனுக்கு வெளியே இருந்து எதுவும் வந்து அவனைப் பிடிப்பதில்லை, அவனுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஓர் ஈர்ப்புக்கு மலையில் ஒரு வடிவம் கிடைத்துவிடுகிறது. கதை அதற்குக் காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. மிச்ச வேலை வாசகருடையது. அந்த வேலையை வாசகர்கள் எப்படியெல்லாம் செய்கிறார்கள் என்பது கதைகள் அளவுக்கே சுவையான விஷயம்.

அமிகாராவை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஓவாகி என்ற இளைஞனும் யோஷிதா என்ற பெண்ணும் அந்த மலையில் சந்திக்கிறார்கள். நாககாகி என்றொருவர் தன் ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே போய்விடுகிறார். ஆராய்ச்சிக் குழு கருவி விட்டுப் பார்க்கிறது, மீட்க முயல்கிறது, பலனில்லை. அன்றிரவு ஓவாகிக்குக் கனவு வருகிறது. அடுத்து இன்னொரு கனவு: ஏதோ பழங்காலத்தில் அவன் குற்றம் செய்தவன், தண்டனையாகத் தனக்கென வெட்டிய ஓட்டைக்குள் அனுப்பப்படுகிறான், உள்ளே போகப் போக ஓட்டையின் வடிவம் மாறுகிறது, அதற்கேற்ப அவன் கழுத்தும் கை கால்களும் இழுபடுகின்றன. கதையில் விளக்கம் என்று இருப்பது இது ஒன்றுதான், அதுவும் கனவு. நம்பலாமா கூடாதா என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. யோஷிதாவின் ஓட்டையை ஓவாகி கல்லை வைத்து அடைக்கிறான். தூங்கி விழித்தால் அவள் இல்லை. அப்புறம் அவன் கண்ணில் அவனுடைய ஓட்டையே படுகிறது. அத்தனையும் தெரிந்தும் அவன் போகிறான்.

சில மாதம் கழித்து, மலையின் மறுபக்கத்தில் இன்னொரு பிளவு கண்டுபிடிக்கப்படுகிறது. அங்கேயும் ஓட்டைகள். ஆனால் அவை மனித உருவத்தில் இல்லை, இழுத்து முறுக்கிய உருவத்தில் இருக்கின்றன. உள்ளேயிருந்து ஏதோ மெல்ல வருகிறது என்கிறார் ஒருவர். கதை முடிந்தது.

இந்த முடிவில் இட்டோ செய்திருப்பது கணக்கான வேலை. உள்ளே போனவர்களின் வலியை ஒரு கட்டத்தில்கூட அவர் நேராகக் காட்டவில்லை. கனவில் காட்டினார், மறுபக்கத்து ஓட்டையின் வடிவத்தில் காட்டினார். இரண்டுக்கும் நடுவே மலைக்குள் மாதக்கணக்கில் நடந்ததை வாசகர்தான் கற்பனை செய்ய வேண்டும். புத்தகத்தை மூடிய பிறகும் கதை ஓடிக்கொண்டே இருக்கும் என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பக்க அமைப்புக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஜப்பானியப் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிக்கிறோம். விரித்த இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டுவிடும் என்பதால், அதிர்ச்சியான படத்தை அங்கே ஒளித்து வைக்க முடியாது. அடுத்த தாளைத் திருப்பினால்தான் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். இட்டோ சின்னச் சின்னக் கட்டங்களாகக் கொண்டுபோவார். சாதாரண முகங்கள், சாதாரண பேச்சு, யாரோ எதையோ எட்டிப் பார்க்கும் கண். தாளைத் திருப்பினால் பக்கம் முழுக்க ஒரே படம், ஆயிரக்கணக்கான நுண்கோடுகளால் இழைத்தது. தாளைத் திருப்பியது வாசகரின் கைதான். பாத்திரங்கள் எட்டிப் பார்ப்பதுபோல வாசகரும் எட்டிப் பார்த்துவிட்டார். திரைப்படத்தில் காட்சி தானாக வந்து மோதும், கண்ணை மூடிக்கொண்டாலும் படம் ஓடிவிடும். இங்கே நாம் திருப்பாவிட்டால் எதுவும் நடக்காது.

'க்யோ'வின் அதே இரண்டாம் தொகுதியில் இன்னொரு கதை இருக்கிறது, நாலே பக்கம். புது வீடு கட்டிய குடும்பம் மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்கிருந்தோ முனகல் கேட்கிறது. போய்ப் பார்த்தால் வீட்டின் நடுத்தூணுக்கு அடியில் அப்பா நசுங்கிக் கிடக்கிறார். தன்னை வெளியே எடுத்தால் வீடே விழுந்துவிடும், அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார். விட்டுவிடுகிறார்கள். அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. வீட்டுக்காக உழைத்து உழைத்து அடியில் போன அப்பா என்று ஒரு வாசிப்பு உடனே வரும், அது தப்பில்லை. ஆனால் அந்த வாசிப்பு கிடைத்த பிறகும் அந்தப் படம் நம்மை விடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உருவகம் என்று பெயர் வைத்தாலும் தூணுக்கு அடியில் ஓர் ஆள் இருக்கத்தான் செய்கிறார்.

இந்த வடிவம் திடீரென்று முளைத்ததல்ல. 1950களில் ஜப்பானில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடைகள் ஏராளம். அவற்றுக்கென்றே தனியாக மங்கா அச்சிட்டார்கள். அதில் பல கலைஞர்களின் குறுங்கதைகளைச் சேர்த்த தொகுப்புகள் நன்றாக ஓடின. 1956இல் ஒசாகாவில் தொடங்கிய 'காகே' அப்படியொன்று. யோஷிஹிரோ தத்ஸுமி போன்றவர்கள் சிறுவர்களுக்கான வேடிக்கைப் படக்கதையிலிருந்து விலகி, இருட்டான, நகரத்து அலுப்பு நிறைந்த கதைகளை வரைந்தது இந்தச் சூழலில்தான். ஷிகெரு மிஸுகி, கஸுவோ உமெஸு, யோஷிஹாரு ட்சுகே எல்லோரும் இந்த வாடகைக் கடைச் சந்தையில் உழைத்தவர்கள். சம்பளம் குறைவு, கெடு நெருக்கம், பக்கம் கொஞ்சம். முதல் சில பக்கத்தில் வாசகரைப் பிடிக்காவிட்டால் அடுத்த கதைக்குத் தாவிவிடுவார்.

1964இல் காட்சுயிச்சி நாகாய் 'காரோ' இதழைத் தொடங்கினார். வணிக இதழ்கள் ஏற்காததை அது ஏற்றது. கல்லூரி மாணவர்கள் அதை விடாமல் படித்தார்கள். 1968 ஜூனில் ட்சுகேவுக்கென்றே வெளிவந்த காரோ சிறப்பிதழில்தான் 'நெஜிஷிகி' வந்தது. கடலில் ஜெல்லிமீன் கடித்து இடது கையின் ரத்தக்குழாய் அறுந்த ஒரு பையன், அறுந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவரைத் தேடி ஒரு மீனவ கிராமத்தில் அலைகிறான். கேட்கிறவர்கள் யாரும் சரியான பதில் சொல்வதில்லை. ஒரு தெரு முழுக்கக் கண் மருத்துவர்களின் பலகைகள். ஏறிய ரயில் பின்னோக்கிப் போய் அதே கிராமத்தில் இறக்கிவிடுகிறது. கடைசியில் ஒரு பெண் மருத்துவர் குழாயில் ஒரு திருகு வால்வை மாட்டிவிடுகிறார். வால்வை முடுக்கினால் கை மரத்துப்போகும். படகில் போய்க்கொண்டே அவன் அதைச் சொல்வதோடு கதை நிற்கிறது.

சமையலறைச் சுவர்வரை ஊடுருவிய ஈரம்போல இந்தக் கதை ஜப்பானியப் பண்பாட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கியது. அதற்கு வந்த எதிர்வினைகளைப் பார்த்தால், இன்று இட்டோவுக்கு நடப்பதன் முன்னோடி தெரியும். ஒரு பக்கம் விளக்க உரைகள் குவிந்தன. ஃப்ராய்டைக் கொண்டுவந்து பிறப்பு, தாய், காமம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் சொன்னார்கள். இன்னொரு பக்கம் கேலிச் சித்திரங்கள்: கையைப் பிடித்தபடி கடலிலிருந்து வரும் அந்தப் பையனின் படத்தை மற்ற மங்கா கலைஞர்கள் திரும்பத் திரும்ப நையாண்டி செய்தார்கள். ட்சுகேவோ, கெடு நெருங்கிவிட்டது, ராமென் கடைக் கூரையில் தூங்கியபோது கண்ட கனவை வரைந்தேன் என்கிற மாதிரி சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அந்தக் கதையின் ஜெல்லிமீனுக்கு வினோதமான ஒரு பெயர் உண்டு. கையெழுத்துப் படியில் அவர் போட்டிருந்தது பெயரே இல்லை, இரண்டு பெருக்கல் குறிகள். அச்சுக்கோத்தவர் அதை 'மெ' என்ற ஜப்பானிய எழுத்தாகப் படித்துவிட்டார். ட்சுகே அதைத் திருத்தாமல் விட்டார். அச்சுப்பிழைக்கும் கதைக்குள் இடம் கிடைக்கிற அளவுக்குத் திறந்திருந்த கதை அது.

விளக்கம் சொன்னவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதற்கு முந்தின ஆண்டு, 1967இல், ஜுன்ஸோ இஷிகோ உள்ளிட்ட நான்கு பேர் சேர்ந்து 'மங்காஷுகி' என்ற விமர்சன இதழைத் தொடங்கியிருந்தார்கள். மங்காவுக்கும் தீவிர விமர்சனம் தேவை என்று அவர்கள் சொன்னதற்கு ட்சுகேவின் கதைகள்தான் பெரிய தூண்டுதல். கதை பதில் சொல்லாததால்தான் இவர்கள் எழுத வேண்டிவந்தது. வில்லன் யாரென்று தெளிவாகச் சொன்ன சாகசக் கதைகளுக்கு யாரும் இவ்வளவு மை செலவழிக்கவில்லை.

திகில் பக்கம் உமெஸு. 1965இல் சிறுமிகளுக்கான 'ஷோஜோ ஃப்ரெண்ட்' இதழில் அம்மாவின் உருவில் வீட்டுக்குள் வரும் பாம்புப் பெண்ணை வரைந்தார். குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான முகத்தையே பயத்தின் முகமாக்கினார். ஜப்பானில் திகில் மங்காவின் முக்கிய வாசகர்கள் பெண்பிள்ளைகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1980களின் நடுவில் வந்த 'ஹாலோவீன்' மாத இதழும் அவர்களுக்காகத்தான். 1963இல் கிஃபு மாகாணத்தில் பிறந்த இட்டோ சின்ன வயதில் அக்காக்கள் படித்த உமெஸு கதைகளைப் படித்து வளர்ந்தவர். பல் மருத்துவத் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டே 'தொமியே' கதையை வரைந்து அந்த இதழின் போட்டிக்கு அனுப்பினார். உமெஸு பெயரில் அமைந்த பரிசு அது. 1987இல் கதைக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. கொல்லப்பட்ட மாணவி மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல வகுப்புக்கு வந்து நிற்பாள். பள்ளிக்காலத்தில் கூடப் படித்த மாணவன் விபத்தில் இறந்தபோது, நேற்றுவரை இருந்தவன் திடீரென்று இல்லாமல் போனது விசித்திரமாக இருந்தது, அந்த உணர்விலிருந்து பிறந்த கதை என்று அவர் பின்னாளில் சொன்னார். துக்கத்தின் ஆசையைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். போனவர் திரும்பி வரமாட்டாரா என்று ஏங்குகிறோம், சரி, வந்தால் என்ன ஆகும்?

இட்டோவின் வாசகர்கள் எல்லாக் கதைகளுக்கும் ஒரே மாதிரி பதில் தருவதில்லை. 'கிளிசரைட்' கதையைப் படித்தவர்கள் உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். இறைச்சி வாட்டும் உணவகத்துக்கு மேல்மாடியில் குடியிருக்கும் குடும்பம், எண்ணெய்ப் புகை சுவரிலும் தோலிலும் ஊறிக் கிடக்கிறது, அண்ணன் எண்ணெயை எடுத்துக் குடிக்கிறான், அவன் முகத்துப் பருக்களைத் தங்கையின் மேல் பிதுக்குகிறான். படித்து முடித்ததும் முகம் கழுவப் போனேன் என்று சொல்லாதவர்கள் குறைவு. இது பயம் இல்லை, அருவருப்பு. பயம் ஓடச் சொல்லும், அருவருப்பு தொட்டது ஒட்டிக்கொண்டதோ என்று பார்க்கச் சொல்லும். 'நீண்ட கனவு' கதைக்கு வரும் பதில் வேறு. மருத்துவமனையில் ஒருவனுக்கு ஒவ்வோர் இரவும் கனவு நீண்டுகொண்டே போகிறது. முதலில் நாட்கள், பிறகு வருஷங்கள், பிறகு நூற்றாண்டுகள். விழிக்கும்போது அவன் உடலும் பேச்சும் மாறியிருக்கின்றன. பக்கத்தில் சாவுக்குப் பயப்படும் இளம்பெண் ஒருத்தி. இந்தக் கதையைப் படித்தவர்கள் தூக்கத்தையும் மரணத்தையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கோரம் இருக்கிறது, ஆனால் அது யார் நினைவிலும் முதலில் வருவதில்லை. என் பார்வையில் இட்டோவின் ஆழமான குறுங்கதை இதுதான், அமிகாராவைவிட ஒரு படி மேலே.

ஷிந்தாரோ காகோ போன்றவர்கள் மங்காவின் வடிவத்தையே கலைத்துப் போடுகிறார்கள். கட்டம் பெட்டியாகிறது, பெட்டி திரும்புகிறது, உள்ளே இருக்கும் ஆட்களின் உடம்பும் சேர்ந்து திரும்புகிறது. அசாத்தியத் திறமை, ஆனால் படித்தபின் வியப்பு மிஞ்சுகிற அளவுக்குக் கலக்கம் மிஞ்சுவதில்லை.

அந்த மீம் விஷயத்துக்கு வருவோம். பயங்கரமான ஒரு கதையை ஜனங்கள் ஜோக்காக்கிவிட்டார்களே என்று சில ரசிகர்கள் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அட்டைப்பெட்டிக்குள் புகுந்துகொள்ளும் பூனைப் படத்துக்கு யாரோ அந்த வரியைப் போடுகிறார்கள் என்றால், கதையின் உயிரான இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். தனக்குப் பொருந்துகிற இடம் என்று தெரிந்ததும் வரும் அந்த இழுப்பை எல்லோரும் அடையாளம் காண்கிறார்கள். சிரிப்பு அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்க உதவுகிறது. எனக்கு ஒப்பாதது வேறொன்று: ஓட்டைகளை வெட்டிய பழங்கால நாகரிகம் எது, தண்டனைச் சட்டம் என்ன, மலைக்குள் உடம்பு உயிரோடு இருப்பது எப்படி என்று மர்மத்துக்கு ஆவணம் தயாரிக்கும் விளக்கக் காணொளிகள். மலையைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஓவாகி ஏன் போனான் என்ற ஒரே கேள்வியை அவை விட்டுவிடுகின்றன.

வாசகரின் பதில் கதையையே மாற்றிய சம்பவமும் உண்டு. 2021 ஜூலை 19 அன்று 'ஷோனென் ஜம்ப் பிளஸ்' தளத்தில் தத்ஸுகி ஃபுஜிமோதோவின் 'லுக் பேக்' முழுக்கதையாக வெளியானது. மங்கா வரையும் இரண்டு பெண்களின் நட்பு, நடுவில் ஓவியக் கல்லூரிக்குள் புகுந்து ஒருவன் நடத்தும் கொலை, கதவின் அடியில் நழுவும் ஒரு தாளால் வேறொரு காலத்துக்குத் திரும்பும் நிகழ்வு. கியோட்டோ அனிமேஷன் என்ற அசைபட நிறுவனத்தில் ஒருவன் தீ வைத்துப் பலரைக் கொன்றது 2019 ஜூலை 18 அன்று என்பதால் நாளும் கதையும் பலரை உலுக்கின. ஆனால் கொலைகாரனைக் காட்டிய விதம் மனநோய் உள்ளவர்களைப் பற்றிய தப்பெண்ணத்தை வளர்க்கும் என்று வாசகர்களும் ஒரு மனநல மருத்துவரும் சுட்டிக்காட்டினார்கள். ஆகஸ்டு 2 அன்று வசனங்கள் மாற்றப்பட்டன. செப்டம்பரில் நூலாக வந்தபோது மறுபடியும் மாற்றினார்கள். இதைத் தணிக்கை என்று கோபப்பட்டவர்களும் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வாசகரைக் கலங்கடிக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு, அந்தக் கலக்கத்தின் செலவை ஏற்கெனவே அவமானப்படும் நோயாளிகள் தலையில் வைக்க வேண்டியதில்லை. இட்டோவின் மலைக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை, ஏனென்றால் அங்கே பைத்தியக்காரன் என்று சுட்டிக்காட்ட யாருமில்லை. எல்லோருக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது.

அசையும் படமாக மாற்றும்போது இந்தக் கதைகள் பெரும்பாலும் சோபிப்பதில்லை. 2018இல் வந்த இட்டோ தொகுப்பு அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) வண்ணம் பூசிக் கோடுகளைக் கொன்றது. 2024இல் கறுப்பு வெள்ளையில் வந்த, இட்டோவின் 'உஸுமாக்கி' மங்காவைத் தழுவிய நான்கு பகுதித் தொடரின் முதல் பகுதியை எல்லோரும் கொண்டாடினார்கள், இரண்டாம் பகுதியில் தரம் சரிந்ததும் அதே வாசகர்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம்தான். கோட்டின் அடர்த்தி குறைந்தால் கதையின் நம்பகமும் போய்விடும். நடக்கவே முடியாத ஒன்றை நம்ப வைப்பது அந்த நுணுக்கமான கோடுகள்தானே.

புதிதாகப் படிக்க நினைப்பவர்களுக்கு: 'க்யோ' இப்போது ஒரே தடித்த தொகுதியாகக் கிடைக்கிறது. மீன் கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கடைசியில் இருக்கும் அந்த இரண்டு குறுங்கதைகளை முதலில் படியுங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் படிப்பதைவிடத் தாளில் படிப்பது நல்லது. யாராவது முடிவைச் சொல்ல வந்தால் தடுத்துவிடுங்கள். விளக்கக் காணொளியைக் குறைந்தது ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள்.